ஊரிலே தங்கிய வைத்தியம்: டாக்டர் சாமுவேல் கிறீன்

வைத்தியசாலை ஒன்றைக் கட்டி எழுப்புவது அரிய காரியமன்று. பணமும் கல்லும் மரமும் இருந்தால் அது நிறைவேறிவிடும். கட்டிய வைத்தியசாலையில் வைத்தியன் ஒருவனை நிலையாக இருத்திவைப்பதே அரியது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வேற்றுமை இந்த ஒன்றிலே துலக்கமாகத் தெரியும். வெள்ளவத்தையில் நள்ளிரவிலே குழந்தைக்குச் சுரம் கண்டால், காலி வீதிக்கு வந்ததும் வைத்தியரிடம் போய்ச் சேர ஏதேனும் ஒரு வழி கிடைத்துவிடும். கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்க்குக் கொழும்புப் பெரியாஸ்பத்திரி தொலைவில் இல்லை. வன்னியிலோ தீவுப்பகுதியிலோ மலைநாட்டுத் தோட்டமொன்றிலோ அதே சுரம் கண்டால், வைத்தியரைத் தேடிச் செல்லும் வழியே பாதி நோயாகிவிடும்.

இக்குறை நம் காலத்திலே தோன்றியதன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் இதனை நேருக்கு நேர் கண்டு, இதற்கு ஒரு விடையும் கண்டவர் ஒருவர் உளர். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த அமெரிக்கர் என்று அவரை நம் மாணவர் அறிவர். ஏன் தமிழிற் கற்பித்தார் என்பதை ஆராய்ந்தோர் சிலரே. மொழியின்பால் அவருக்கு அன்பு உண்டு. ஆயினும் அந்த அன்பு மாத்திரமே காரணமென்று கொள்வது பொருந்தாது. கிராமத்திலே வைத்தியனை இருத்துவதற்கு வழி தேடிச் சென்றவர், அந்தத் தேட்டத்தின் முடிவிலேதான் தமிழிடம் வந்து சேர்ந்தார். அவர் வரலாற்றை இந்த நோக்கிலே காண்பது பயனுடையது.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் என்னும் ஊரில், கிறீன் ஹில் என்று வழங்கிய குடும்பப் பண்ணையில், 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம் அது. அதே ஆண்டு டிசம்பரிலே நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். இருவேறு கண்டங்களிற் பிறந்த இவ்விருவரும் பின்னர் யாழ்ப்பாண மண்ணில், சமயத்தால் எதிரெதிர் நின்று, தமிழ் உரைநடையால் தத்தம் கருமங்களை நடத்தினர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

கிறீனுக்கு இரண்டு ஆண்டு மூத்தவர் அண்டுரூ. அவர் நியூயோர்க் நகரத்துப் பொதுப்பணிகளிற் பெரும்பங்கு கொண்டு, நடுப் பூங்காவை அமைப்பதில் முன்னின்று, நகரின் நிதிப்பொறுப்பை ஏற்று, 1898இலே அயற்பகுதிகளை ஒன்றிணைத்துப் பெருநகராக்கியதில் முதன்மை பெற்றவர். பொதுமக்களுக்கு வேண்டியதை ஒழுங்குசெய்து கொடுத்தல் ஒரு பெரும் பணி என்னும் எண்ணம் அந்த வீட்டில் இருந்தது போலும். தமையனார் அதனை உலகின் செல்வ நகரொன்றிலே செய்தார். தம்பியார் அதனைச் செய்தற்குப் பனையும் கிடுகுவேலியும் சூழ்ந்த மானிப்பாயைத் தேர்ந்தார்.

நியூயோர்க்கிலிருந்த வைத்தியக் கல்லூரியிலே பயின்று 1845இல் கிறீன் பட்டம் பெற்றார். மருத்துவ உலகம் ஒரு பெரும் மாற்றத்தின் வாயிலில் நின்ற காலம் அது. 1846 ஒக்ரோபரிலே பொஸ்ரன் நகர வைத்தியசாலையில், ஈதர் என்னும் ஆவியை முகரச்செய்து நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். கத்தியின் கொடுமை குறையலாயிற்று. இளம் வைத்தியர் ஒருவருக்குத் தம் நாட்டிலேயே பெயரும் பொருளும் சேரக்கூடிய அந்த வேளையில், கிறீன் அமெரிக்க மிஷன் சங்கத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து யாழ்ப்பாணம் செல்ல இசைந்தார். சுயஸ் கால்வாய் திறக்கப்படாத காலமாதலால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலிலே மாதக்கணக்காகப் பயணஞ் செய்து, 1847 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அன்றைய யாழ்ப்பாணம்

அமெரிக்க மிஷனார் 1816 தொடக்கம் யாழ்ப்பாணத்திலே பணிசெய்து வந்தனர். வட்டுக்கோட்டையிலே 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி கல்வியில் உயர்ந்த பெயர் பெற்றிருந்தது. அவர்களுள் முதல் வைத்தியராகிய ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலிருந்து சிகிச்சை செய்து, 1836இலே சென்னைக்குப் போய்விட்டார். ஒருவர் போனால் அடுத்தவர் வரும்வரை காத்திருத்தல் என்னும் நிலையே அன்று இருந்தது. கிராம வைத்தியம் ஒரு தனி மனிதரின் உயிரையும் உடல்நலத்தையும் பற்றிக்கொண்டு நின்றது. அவர் சாய்ந்தால் அதுவும் சாயும்.

அரசாங்கத்தின் கை அந்நாளிலே கிராமங்களை எட்டவில்லை. இலங்கையில் குடிசார் வைத்தியத் திணைக்களம் 1858இலேதான் ஏற்பட்டது. கொழும்புப் பொது வைத்தியசாலை 1864இலேதான் திறக்கப்பட்டது. படைவீரருக்கும் துரைமார்க்கும் துறைமுகப் பட்டினங்களுக்கும் உரியதாயிருந்த வைத்தியம், நெல்லும் புகையிலையும் விளைவித்த குடியானவனின் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை.

வைத்தியமே அங்கு இருந்ததில்லை என்று சொல்வது பிழையாகும். ஊர்தோறும் பரிகாரிமார் இருந்தனர். நாடி பிடித்து, குளிகையும் கஷாயமும் எண்ணெயும் கொடுத்து, முறிவுக்குப் பத்துப்போட்டு, விஷகடிக்கு மருந்தரைத்து அவர்கள் பரம்பரையாகப் பணிசெய்தனர். அவர்களிடமிருந்த பெரும் சிறப்பு, அவர்கள் ஊரிலேயே இருந்தமை. எந்நேரமும் கூப்பிடலாம், கூப்பிட்டவன் சொல்வது அவர்களுக்கு விளங்கும், அவர்கள் சொல்வது அவனுக்கு விளங்கும். கிறீன் இவர்களுடைய சிகிச்சை முறைகளிற் பலவற்றைக் கண்டித்தவரே. ஆயினும் இவர்கள் ஊரோடு ஒன்றி நின்ற நிலை, புதிய வைத்தியம் எட்டவேண்டிய இலக்கு எதுவென்பதை அவருக்குக் காட்டாமற் போகவில்லை.

மானிப்பாயிலே

வந்த புதிதில் வட்டுக்கோட்டையில் இருந்த கிறீன், 1848இலே மானிப்பாய்க்குக் குடிபெயர்ந்து அங்கேயே நிலைபெற்றார். அவரை எதிர்கொண்ட முதல் இடர் மொழி. நோயைக் கண்டறிவதற்குக் கருவிகள் அருகியிருந்த காலம் அது. நோயாளி தன் வாயாற் சொல்வதே வைத்தியனுக்குப் பெருந்துணை. யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி தன் உடம்பின் வருத்தத்தைச் சொல்லும்போது குத்து வேறு, உழைவு வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு. ஓங்காளம் என்றும் நாரிப்பிடிப்பு என்றும் அவள் சொல்வதை மொழிபெயர்ப்பான் ஒருவன் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாலே முடித்துவிடுவான். நோயும் அங்கேயே மறைந்துவிடும். ஆகவே கிறீன் தமிழை முயன்று கற்றார். நூல் வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒருங்கே அறிந்தார்.

அடுத்த இடர் தொலைவு. நடக்கமுடிந்தவன் நடந்து வருவான். நடக்கமாட்டாதவனைக் கட்டிலிலே வைத்துச் சுமந்து வருவர். சுமந்துவர ஆளில்லாதவன் வீட்டிலேயே கிடப்பான். மூன்றாவது இடர் அச்சம். அறியாத வெள்ளைக்காரனின் கத்திக்கு உடம்பைக் கொடுக்க எவன்தான் துணிவான்? பரிகாரியாராலும் இயலாது, நேர்த்திக்கடனாலும் இயலாது என்று கைவிட்ட பின்னரே பலர் மிஷன் மருந்துச்சாலையை நாடினர். முற்றிய நோயோடு வருபவரிடையே மரணம் மிகுமாதலால், அச்சம் மேலும் வளரும். இந்தச் சுழல் இன்றும் பின்தங்கிய நாடுகளின் வைத்தியசாலைகளைச் சுற்றிக்கொண்டிருப்பது.

ஒரு மனிதர் ஓடியோடிச் செய்யும் சிகிச்சையால் ஒரு நாட்டின் நோய் தீராது என்பதைக் கிறீன் விரைவிலேயே உணர்ந்தார். 1848இலேயே சில இளைஞரைச் சேர்த்து மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அதே ஆண்டிலேதான். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த வகுப்பு நடந்தது என்பதை நம் மாணவர் மனங்கொள்ளவேண்டும். செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் பயின்று தேறியவர்களே மாணவராயினர். கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடந்தது. உடற்கூறும் மருந்தியலும் சத்திரவைத்தியமும் கற்பதோடு, மருந்துச்சாலையிலே ஆசிரியருடன் நின்று நோயாளரைப் பார்த்தும் அவர்கள் பழகினர். 1850இலே அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் நண்பர் உதவிச் சங்கத்து வைத்தியசாலை எழுந்தபோது, அங்கு பணிபுரியப் பயின்ற கைகள் கிறீனின் வகுப்பிலிருந்து கிடைத்தன. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அதுவே தொடக்கம்.

பயின்றவர் எங்கே?

முயற்சி வெற்றி பெற்றது போலவே தோன்றியது. ஆனால் சில ஆண்டுகள் கழிந்தபின் கிறீன் ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். அவர் எந்தக் கிராமங்களை நினைந்து மாணவரைப் பயிற்றினாரோ, அக்கிராமங்களில் அவர்கள் தங்கவில்லை. இதில் மாணவரைக் குறைகூற இடமில்லை. ஆங்கிலம் கற்ற இளைஞனுக்கு அந்நாளில் உத்தியோக வாயில்கள் திறந்திருந்தன. அரசாங்கச் சேவையும், மலைநாட்டிலே பெருகிவந்த கோப்பித் தோட்டங்களும் மாதச் சம்பளம் தருவதற்குக் காத்திருந்தன. மானிப்பாயிலோ உடுவிலிலோ இருந்து, கூலியாகக் காசும் நெல்லும் எப்போதாவது பெற்று, குடும்பத்தை நடத்துவதற்கு அவன் ஏன் உடன்படவேண்டும்? பெற்றோர் காணியை ஈடுவைத்துப் படிப்பித்ததும் உத்தியோகத்தை எண்ணியேயன்றோ?

இதே வினா செமினரியையும் தாக்கியது. அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைவர்கள் வந்து பார்த்தபோது, தாங்கள் பெருஞ்செலவில் நடத்தும் ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கே ஆட்களை அனுப்புகின்றது என்று முடிவுகட்டினர். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இலே தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. அத்தகைய கல்விக்கூடத்தை மூடியது நம் நாட்டுக்கு இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிஷனார் கண்ட குறை பொய்யானதன்று. கல்வி ஊரை உயர்த்துவதற்குப் பதிலாக ஊரிலுள்ள உயர்ந்தவர்களை வெளியே எடுத்துச் செல்லும் ஏணியாகிவிட்டது.

உடல்நலங் குன்றிக் கிறீன் தாய்நாடு சென்று சில ஆண்டுகள் தங்கினார். 1862இலே மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் மாதரை மணந்து, அதே ஆண்டில் அவரோடு யாழ்ப்பாணம் திரும்பினார். இம்முறை அவர் உள்ளத்திலே திட்டம் ஒன்று உறுதிப்பட்டிருந்தது.

தமிழ் வகுப்பு

1864 தொடக்கம் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று கிறீன் துணிந்தார். தமிழிற் பயின்றவனைக் கொழும்புக் கந்தோரும் கண்டித் தோட்டமும் எளிதில் இழுத்துக்கொள்ள மாட்டா. அவன் ஊரிலே தங்குவான். அவன் கற்றதை ஊரவருக்கு விளங்கவும் சொல்வான். கற்றவன் ஒருவனின் பேச்சு வழியாக அறிவு படலை படலையாகப் பரவும். வைத்தியம் ஒரு துரையின் மந்திரமாக நில்லாது, மக்களின் பொதுவுடைமையாகும். இதுவே அவர் கணக்கு.

இந்தக் கணக்கிலே ஒரு கடுமையும் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒரு மாணவனை ஊரிலே இருத்துவதற்காக அவன் வெளியேறும் வாயிலை அடைப்பது நீதியா என்று அன்றே கேட்டிருக்கலாம், இன்றும் கேட்கலாம். தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று விரும்பிய பெற்றோரின் ஆசை இழிந்ததன்று. கிறீன் ஊரின் பக்கம் நின்று இதற்கு விடை சொன்னார். மாணவனின் பக்கம் நின்றிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். ஆனால் அவர் வாயிலை அடைத்துவிட்டு வாளா இருந்தவரல்லர். தமிழிற் பயில்பவன் ஆங்கிலத்திற் பயில்பவனுக்கு அறிவிற் குறைந்தவனாகாதபடி, அக்காலத்து மருத்துவ நூல்களையே தமிழுக்குக் கொண்டுவரும் பெரும் பாரத்தைத் தம் தோளில் ஏற்றார்.

இதன் தொடக்கம் முன்னரே உண்டு. உடலமைப்பையும் சுகாதாரத்தையும் பற்றிய நூலொன்றும் பிரசவ வைத்திய நூலொன்றும் 1857இலேயே தமிழில் வெளிவந்தன. தமிழ் வகுப்புத் தொடங்கியபின் வேலை பெருகியது. மாணவர்களே துணையாசிரியராயினர். யோசுவா டான்வர்த் மொழிபெயர்க்கக் கிறீன் பரிசோதித்த இரணவைத்தியம் 1867இல் வெளிவந்தது. சாப்மன் வைத்திலிங்கம் மொழிபெயர்த்த மனுஷவங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. இலண்டனில் 1858இலே முதன்முதல் வெளியாகி, இன்றளவும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலே அது. ஆங்கிலத்தில் எழுந்து பதினான்கு ஆண்டுகளுக்குள் அந்நூல் தமிழிலே கிடைத்தது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது. வைத்தியாகரம் அதே ஆண்டிலும், இரசாயனம் கூறும் கெமிஸ்தம் 1875இலும் தொடர்ந்தன. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன.

சொல்லைத் தேடிய வழி

இத்தனை பக்கங்களை எழுதுவதற்கு முன் சொற்கள் வேண்டும். உடம்பிலுள்ள ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் பெயர் வேண்டும். கிறீன் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். முதலிலே தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கிலும் சொல் உண்டா என்று தேடுவது. அங்கு இல்லையேல் வடமொழியை நாடுவது. அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தின் இயல்புக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொள்வது. கெமிஸ்தம் என்னும் பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று. ஆங்கிலச் சொல்லின் வால் அறுபட்டு, தமிழுக்குப் பழகிய ஈறு ஒட்டிக்கொண்டது. அங்காதிபாதம், சுகரணம் என்பன இரண்டாம் வழியில் வந்தவை. திரட்டிய சொற்களை அட்டவணைகளாகவும் வெளியிட்டார்.

அச்சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று, சுகரணம் உடற்றொழிலியலாயிற்று, கெமிஸ்தம் இரசாயனவியலாயிற்று. தமிழ்நாட்டிலே 1916இல் இராஜாஜி முதலியோர் சாத்திரத் தமிழ்ச்சொற்களுக்காகச் சங்கம் நிறுவினர். இலங்கையிலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பின்வந்தோர் கிறீனின் சொற்களைத் தள்ளினர், அல்லது திருத்தினர். அவர் விதித்த ஒழுங்கையோ அவர்களும் பெரும்பாலும் பின்பற்றினர். பாதை அமைத்தவனின் அடிச்சுவடு மேலே நடந்தவர்களின் சுவடுகளால் மறைவது இயல்பே.

அவர் தமிழை நாடியது எழுத்தோடு நின்றதன்று. கிறிஸ்தவராகும் தமிழர் ஐரோப்பியரின் உடையையும் நடையையும் மேற்கொள்வதை அவர் விரும்பவில்லை. தம் மாணவர் வேட்டியும் சால்வையுமாகத் தமிழராகவே நின்று வைத்தியம் செய்யவேண்டும் என்று கருதினார். மதத்தைப் பரப்புவதே அவர் வந்த நோக்கம். அதை அவர் ஒருபோதும் ஒளித்தவரல்லர். சைவமக்கள் அந்நோக்கத்தை ஏற்கவில்லை. நாவலர் அதனை உறுதியாக எதிர்த்தார். ஆயினும் அவர் மருந்தை நாடிவந்தவருட் பெரும்பாலார் சைவராகவே வந்து சைவராகவே வீடு திரும்பினர்.

வாந்திபேதிக் காலம்

தமிழ் வகுப்பின் பயனை ஊர் உணரும் காலம் விரைவில் வந்தது. 1866, 1867ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாந்திபேதி பரவிப் பெரும் அழிவு செய்தது. நோய் தண்ணீர் வழியாகப் பரவும் என்று இலண்டனிலே ஜோன் ஸ்னோ 1854இல் காட்டியிருந்தார். எனினும் வைத்திய உலகம் முழுவதும் அதனை ஒப்பவில்லை. நோயின் கிருமியைக் கொக் என்னும் அறிஞர் கண்டு நிறுவியது கிறீன் இறக்கும் காலத்திலேதான். அம்மன் கோபம் என்று நம்பி ஊர் ஒடுங்கியிருந்தபோது, கிறீனும் மாணவரும் மருந்தோடு சென்றனர். மருந்தினும் பெரிதாக வேண்டியிருந்தது விளக்கம். எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, நோயாளியை எப்படிப் பேணுவது என்பதை ஊரவனுக்கு ஊரவனே சொல்லவேண்டும். துரை சொன்னால் கட்டளை என்று அஞ்சுவான். அயலவன் சொன்னால் அறிவுரை என்று கேட்பான். தமிழ் வகுப்பு இத்தகைய அயலவர்களை உண்டாக்கியது.

இறுதிக் காலம்

1870இலே கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கே கற்பித்தல் ஆங்கிலத்தில் நடந்தது. பட்டமும் பதவியும் அதனோடு சென்றன. மானிப்பாயும் கொழும்பும் இரண்டு வழிகளைக் காட்டி நின்றன. நாடு எவ்வழியிற் செல்லும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1873இலே கிறீனின் உடல் மீண்டும் தளர்ந்தது. அவர் மனைவி மக்களோடு அமெரிக்கா சென்றார், திரும்பவில்லை. அதுவரை அவரிடம் மருத்துவம் பயின்று தேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர். வூஸ்ரரிலே பனி கொட்டும் நாட்களிலும் அவர் மேசைமேல் தமிழ்ப் பிரதிகள் கிடந்தன. மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதும், சொல்லொன்றின் பொருத்தத்தை ஆராய்வதும், யாழ்ப்பாணத்து மாணவர்க்குக் கடிதம் எழுதுவதுமாகத் தம் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார். தமிழ் வழங்கும் நிலத்திலிருந்து பாதி உலகம் கடந்து, தமிழ் பேசுவார் எவரும் இல்லாத ஊரிலிருந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களைச் சீர்செய்த அந்த உருவம் நம் இலக்கிய வரலாற்றிலே தனித்து நிற்பது. 1884 மே மாதம் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். தமிழர்க்கு மருத்துவப் பணிசெய்த ஊழியர் என்னும் கருத்தமைந்த சொற்களைத் தம் கல்லறையிலே பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறித்தனர்.

விட்டுச்சென்ற வினா

கிறீன் வென்றாரா, தோற்றாரா? அவர் சென்றபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூல்கள் பழமையடைந்தன, மறுபதிப்புக்கு மாணவர் இல்லை. வைத்தியப் பணி இடையிலே தளர்ந்து, 1893இல் ஸ்கொட் தம்பதியர் வந்தபின்னரே மானிப்பாயில் புத்துயிர் பெற்றது. கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அங்கு இயங்குகின்றது. கொழும்பிலும் பேராதனையிலும், 1978 தொடக்கம் யாழ்ப்பாணத்திலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. இந்த அளவில் நோக்கினால் அவர் தோற்றார் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை; அது உலகெங்கும் மீண்டும் மீண்டும் எழுந்தது. களுத்துறையிலே 1926இல் நம் நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியபோது, வீடுவீடாகச் சென்று கருப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவிச்சிகள் அதன் உயிர்நாடியாயினர். அவர்கள் மக்களின் மொழியிற் பயின்றவர். தாம் பணிசெய்யும் பகுதியிலே வாழ்பவர். பிரசவத்தில் தாய் இறப்பதும் சிசு இறப்பதும் இலங்கையிலே பெரிதும் குறைந்தமைக்கு இந்த மருத்துவிச்சிகள் ஒரு முதன்மைக் காரணம் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. கிறீனின் கணக்கு வேறு பெயரிலே அங்கு மெய்யாயிற்று.

இந்தியாவிலே போர் குழு 1946இல் தன் அறிக்கையைத் தந்தபோது, கிராமப்பகுதிகளிலே ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்றது. அதனோடு, குறுகிய பயிற்சி பெற்ற வைத்தியரை விடுத்து முழுப்பட்டம் பெற்ற ஒரே வகை வைத்தியரையே உருவாக்கவேண்டும் என்றும் பெரும்பான்மையோர் முடிவு கூறினர், சிலர் மாறுபட்டனர். பட்டம் உயர்ந்தது, நிலையங்களும் 1952 தொடக்கம் எழுந்தன. ஆனால் பட்டம் பெற்றவர் நகரை நாடினர். எழுந்த நிலையங்களிற் பல வைத்தியரின்றிப் பூட்டிக் கிடந்தன. கட்டாயச் சேவையும் கூடுதற் படியும் விதித்தும் குறை முற்றாகத் தீரவில்லை. 1978இலே அல்மா ஆத்தாவிற் கூடிய உலக மாநாடு, மக்கள் வாழும் இடத்திலேயே மக்கள் பங்குகொள்ளும் வைத்தியம் வேண்டும் என்று முழங்கியது. 2022இலே போபாலில் முதலாண்டு மருத்துவ மாணவர்க்கான உடற்கூற்று நூலும் பிறவும் இந்தியிலே வெளியிடப்பட்டபோது புதுமை என்று பேசினர். மானிப்பாயிலே தமிழில் உடற்கூற்று நூல் வெளிவந்து அப்போது சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இலங்கையிலே அண்மைக் காலத்தில் வைத்தியர் பலர் நாட்டைவிட்டே செல்கின்றனர். மானிப்பாயிலிருந்து கோப்பித் தோட்டத்துக்குச் சென்ற பாதை இன்று இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் செல்கின்றது. செல்பவரைப் பழித்துப் பயனில்லை, கிறீனும் பழித்தாரல்லர். பழிக்காமல், பயிற்சியையே மாற்றியமைக்க முனைந்தார். யாரைச் சேர்ப்பது, எம்மொழியிற் கற்பிப்பது, எங்கே வைத்துப் பயிற்றுவது என்னும் மூன்றையும் ஊரை நோக்கித் திருப்பினார். அவருடைய விடை முழுமையானதன்று. மாணவனின் முன்னேற்றத்தையும் ஊரின் தேவையையும் ஒருங்கே காக்கும் வழியை அவர் காணவில்லை. நாமும் இன்னும் காணவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் அவர் நூல்களைக் காணும் வாய்ப்புப் பெற்றால், அவற்றின் பழந்தமிழ் நடையைக் கண்டு புன்னகைத்துவிட்டு மூடிவைத்தல் தகாது. ஒவ்வொரு பக்கமும், ஏதோவொரு கிராமத்திலே ஏதோவொரு நோயாளியின் கட்டிலருகில் ஒரு வைத்தியன் இருக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அந்தக் கட்டிலருகு பல ஊர்களில் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.